மரத்தூளில் ஒரு கோழி இறகு

அத்தியாயம் 5

"புருசன் அழுக்கா வந்தா வையிற பொம்பளையப் பாத்திருக்கேன். சுத்தமா வந்தாருன்னு வையிற பொம்பளைய இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று முணுமுணுத்தான் ஆரோக்கிய பிரபு. முணுமுணுப்பு என்று அவன்தான் நினைத்துக்கொண்டான். தனியார் பஸ்ஸில் வருஷக்கணக்காகக் கண்டக்டராக இருந்த தொண்டை அது. ரகசியம் பேசினாலும் பின்சீட்டு வரைக்கும் கேட்கும்.

"வஞ்சதோட விட்டேனா? கரண்டியும் எறிஞ்சேன்" என்றாள் மூக்கம்மாள். "அவுக மேல படலை. அதுக்கு நான் பொறுப்பில்லை."

சின்னமனூர்க் கடைவீதியில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அறை. வாசல் பலகையில் பெரிய எழுத்தில் 'சொர்ணம் லேடீஸ் டெய்லர்' என்றிருக்கும். கீழே, பெயின்ட் மிஞ்சிப்போனதோ என்னவோ, சின்ன எழுத்தில் 'துப்பறிந்தும் தரப்படும்' என்றிருக்கும். ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள்தான் கேஸும் கொண்டுவருவார்கள். சொர்ணலதா கழுத்தில் அளவுநாடா தொங்க, உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு அளவெடுப்பாள். வாயில் ஊசி வைத்திருப்பவள் குறுக்கே பேச முடியாதல்லவா? அதனால் வந்தவர்கள் நெஞ்சில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டுத்தான் நிறுத்துவார்கள். பாதித் துப்பு அங்கேயே துலங்கிவிடும். மீதிக்கு அலைய உதவியாள் பிரபு.

மூக்கம்மாளும் கொட்டினாள்.

அவள் புருஷன் அம்மாவாசிக்கு மார்க்கையன்கோட்டை ரோட்டில் சங்கரலிங்கத்தின் மரப்பட்டறையில் வேலை. கதவோ கட்டிலோ, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிக் கொடுப்பவர் அவர்தான். கல்யாணமான நாள்தொட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது மஞ்சள் மில்லுக்குள் உருண்டு எழுந்தவர் மாதிரிதான் வருவார். புருவம், மீசை, காதுமடல் எல்லாம் தூள். போன ஐப்பசியில் ஒருநாள் திடீரென்று பேங்க் மேனேஜர் மாதிரி வந்து நின்றார். மறுநாளும் அப்படியே.

"கேட்டா, பட்டறைக்குத் தூசி திங்கிற மிசினு வந்துருச்சுன்றாக. ஏந்தாயி, மிசினு மரத்தத் திங்கும், கரண்டத் திங்கும், அசந்தா கைவெரலத் திங்கும். தூசியப் போய் எந்த மிசினு திங்கும்? எங்கயோ உக்காந்து சீட்டாடிட்டு வர்றாகன்னு நல்லா வஞ்சு விட்டேன். அடுத்த வாரமே பழையபடி தூளோட வர ஆரம்பிச்சாக. சரி, புத்தி வந்துருச்சுன்னு இருந்தேன். நேத்து சட்டையத் தொவைக்க எடுத்தா இது இருக்கு."

மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே குட்டியூண்டு வெள்ளை இறகு.

"கோழி எறகு" என்றாள். "ஏந்தாயி, மரத்துல கோழி காய்க்குமா?"

"காய்க்காது மதினி. ஆனா கோழி மரத்துல ஏறும்" என்றான் பிரபு.

சொர்ணலதா அவனை ஒரு பார்வை பார்த்தாள். ஊசியை உதட்டிலிருந்து எடுத்தாள். "நேரா பட்டறைக்கே போயிப் பாத்திருக்கலாமே ஆத்தா?"

"நல்லாச் சொன்னீக! பொண்டாட்டி பட்டறை வாசல்ல போய் நின்னா, வேவு பாக்க வந்துட்டாம்பாக. அப்புறம் அவுக அங்கன தலைநிமிந்து வேலை பாக்க முடியுமா?"

பாருங்கள், அவரை விட்டுப் போகவே துணிந்து வந்தவள்தான். அவர் தலை குனியக்கூடாது என்கிற கவலை மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

போகத் துணிந்தது நிஜம். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், தெருமுனையில் அவள் பிறந்த ஊரான வருசநாட்டிலிருந்து வந்த மினி வேன் நின்றது. ஓட்டி வந்தவர் மூக்கம்மாளின் அண்ணன் பலவேசம். வேனுக்குள் டிரங்குப் பெட்டி, கிரைண்டர், ரெண்டு தலையணை.

"பொழுது சாயிறதுக்குள்ள நெசம் என்னன்னு சொல்லிருங்க தாயி. அவுக ஒழுங்கா வேலைக்குத்தான் போறாகன்னா கிரைண்டர எறக்கிருவேன். இல்லைன்னா வண்டி கெளம்பிரும்" என்றாள் மூக்கம்மாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் அந்தக் கரண்டி எறிகிற வேகம் இல்லை.

அவளைக் கீழே ஜெராக்ஸ் கடையில் உட்காரச் சொல்லிவிட்டு, சொர்ணலதா அவள் கொண்டுவந்திருந்த அம்மாவாசியின் சட்டையை வெட்டுமேசை மேல் விரித்தாள். பாக்கெட்டை வெளியே இழுத்துப் பார்த்தாள். மடித்துவிட்ட கையைப் பிரித்துப் பார்த்தாள். காலரைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏலே பிரபு, என்ன தெரியுது?"

"ரெண்டாவது பித்தான் இல்லை. மதினிக்குக் கோவம் ரொம்ப நாளா இருக்குபோல."

"மரவேலை பாக்குறவன் சட்டையில மொதல்ல ரொம்புறது பாக்கெட்டு. அப்புறம் கைமடிப்பு. இதுல ரெண்டும் சுத்தம். தோள்லயும் முதுகுலயும் மட்டும் இருக்கு. இது பறந்து வந்து ஒட்டுன தூளு இல்லை, மேலேருந்து விழுந்த தூளு." ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தாள். "ரம்பத் தூள்னா அதுல செதிலும் இருக்கும், பொடியும் இருக்கும். இது புட்டுமாவு மாதிரி ஒரே சீரா இருக்கு. யாரோ சலிச்சிருக்காக."

"மரத்தூளைச் சலிக்கிறதா! சல்லடை பிடிக்கிற கையின்னா... பொம்பளை!" பிரபுவின் கண் விரிந்தது.

"ஏன், ஆம்பளை சலிக்கமாட்டானா?"

"எங்க வீட்ல நான்தான் சலிக்கிறேன். வெளிய சொல்லிராதீக."

பிரபுவின் பழைய டிவிஎஸ் வண்டியில் ரெண்டு பேரும் கிளம்பினார்கள். ரெண்டு பக்கமும் நெல் வயல், வாய்க்கால் நிறையத் தண்ணீர். பிரபுவின் மனசு முழுக்க ஒரு பொம்பளையும் ஒரு கோழியும்தான். அந்தப் பொம்பளைக்கு அவன் ஒரு முகமே வரைந்து முடிப்பதற்குள் பட்டறை வந்துவிட்டது.

உள்ளே நுழைந்ததும் பிரபு செருப்பைக் கழற்றிவிட்டான். கோயில் என்று நினைத்துவிட்டான். தரை அப்படிப் பளபளத்தது. ரம்பம் அறுக்கிறது, இழைப்பு மிஷின் ஓடுகிறது, ஒரு பொட்டுத் தூசி பறக்கவில்லை. ஒவ்வொரு மிஷினின் வாயிலும் ஒரு குழாய். எல்லாக் குழாயும் ஒன்றுசேர்ந்து, மூலையில் உறுமிக்கொண்டிருந்த பெரிய விசிறிக்குள் போயின. அதன் மேல் ஒரு துணிப்பை உப்பிக்கொண்டு நின்றது, விருந்து சாப்பிட்ட மாமனார் மாதிரி.

"கோயமுத்தூர்லேருந்து வரவழைச்சேன்" என்றார் முதலாளி சங்கரலிங்கம், தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டையில். புதுவீட்டுக்கு நிலைக்கதவு பார்க்க வந்தவர்கள் என்று இவர்களை நினைத்துக்கொண்டார். "செதிலெல்லாம் கீழ டிரம்முல விழுந்துரும். நைஸ் தூசி மேல பையில போயி அடைஞ்சுக்கிரும். கண்ணுக்குத் தெரியிற தூளு தொண்டையோட நின்னுரும் தாயி. தெரியாத தூசிதான் நெஞ்சுக்குள்ள போய்க் குடியேறிக்கிரும். முந்தி இங்கன வேலை பாக்குற அத்தனை பேரும் இருமுவாக. ரம்பச் சத்தத்தைவிட இருமல் சத்தம் பெருசா கேக்கும். இப்ப பாருங்க!" மேசை மேல் ஒரு கறுப்புத் துணியைத் தேய்த்துக் காட்டினார். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. "என் பட்டறைக்குள்ள பையத் தொறந்து எவனாவது தூளைக் கிளப்புனான், அன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம்."

ஜன்னலோரம் ஒரு தேக்குக் கதவின் மேல் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தார் ஒருவர். நெற்றியில் வேர்வை, விரல் நுனியெல்லாம் கதவு மாதிரியே வழவழப்பு. மேலே ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"அதுதான் அம்மாவாசி. நம்ம பட்டறைக்கு அவருதான் கையி. ஒருநாள் லீவு எடுக்கமாட்டாரு."

பிரபுவுக்கு முகம் தொங்கிப்போனது. ஆள் வேலைக்குத்தான் வருகிறார். பெண்டாட்டியிடம் சொன்ன மிஷினும் நிஜம். அப்படியானால் கேஸ் முடிந்ததா? இறகு எங்கிருந்து வந்தது?

"டிரம்முல விழுற செதில் தூளையெல்லாம் என்ன பண்றீக?" என்று கேட்டாள் சொர்ணலதா, ஒன்றும் அறியாதவள் மாதிரி.

"அதுவா..." சங்கரலிங்கம் தொண்டையைச் செருமினார். இவ்வளவு நேரம் மடமடவென்று பேசியவருக்குத் திடீரென்று வார்த்தை சிக்கியது. "மூட்டையாக் கட்டி, இந்தா, மார்க்கையன்கோட்டைக்கு முந்தி ஒரு கோழிப்பண்ணை இருக்கு. கோழிக்கடியில பரப்புறதுக்கு வாங்கிக்கிருவாக. ஜெசின்னு ஒரு பொண்ணு நடத்துது."

வெளியே வந்தபோது, வேப்பமரத்தடியில் முதலாளியின் மோட்டார்சைக்கிள் நின்றது. அதன் கண்ணாடியில் தொங்கிய துண்டைச் சொர்ணலதா விரலால் தொட்டாள். விரலைப் பார்த்தாள். தனக்குள் சிரித்துக்கொண்டு சேலையில் துடைத்துக்கொண்டாள்.

பிரபு அதைக் கவனிக்கவில்லை. அவன் வேறு கலவரத்தில் இருந்தான். "அக்கா, ஜெசியா? அவளை எனக்குத் தெரியும்கா. எனக்குக் கட்டிவைக்கிறதாப் பேசி எங்க அம்மா ஒருதடவை அவுக வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாக. காப்பி குடுத்தா."

"அப்புறம்?"

"காப்பியோட சரி." பெருமூச்சு விட்டான். "இப்ப புரிஞ்சுபோச்சு. வேலை முடிஞ்சதும் அம்மாவாசி அங்கன போறாரு. மடியில தூளு, மனசுல ஜெசி. ஐயோ பாவம் மூக்கம்மா மதினி."

"ஏலே, அந்த எஸ்டிடி பூத்துல போயி ஜெராக்ஸ் கடைக்கு ஒரு போன் போடு. மூக்கம்மாளையும் அவ அண்ணனையும் நேரா கோழிப்பண்ணைக்கு வரச்சொல்லு."

"அக்கா! கொலை விழுந்துரும்க்கா! வண்டியில கிரைண்டர் வேற இருக்கு!"

"சொன்னதைச் செய்யிடா."

கோழிப்பண்ணை வாசலில் தீவன மூட்டைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. அதற்குப் பின்னால் நாலு பேர் ஒளிந்தார்கள்: சொர்ணலதா, பிரபு, வேனைத் தூரத்திலேயே விட்டுவிட்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்த மூக்கம்மாள், அவளுக்குப் பின்னால் மீசையை முறுக்கிக்கொண்டு பலவேசம். ஷெட்டுக்குள் ஆயிரம் கோழிகள் ஊர்ப்பஞ்சாயத்து மாதிரி இரைந்துகொண்டிருந்தன. அது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. பிரபுவின் மூச்சுச் சத்தம்கூட வெளியே கேட்கவில்லை.

பொழுது மலைப்பக்கம் சரிகிற நேரத்தில் ஒரு சைக்கிள் வந்தது. அம்மாவாசி. சீவிய தலை, சுத்தமான சட்டை. சைக்கிளை நிறுத்திவிட்டு உரிமையோடு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"தாயி ஜெசி, வந்துட்டேன்."

மூக்கம்மாளின் கை பிரபுவின் தோளை இறுக்கியது. நகம் பதிந்தது. அவன் வலியில் ஏசுவைக் கூப்பிட்டான், மனசுக்குள்.

ஜெசி வெளியே வந்தாள். கொண்டையைச் சுற்றித் துண்டு, முகத்தில் சிரிப்பு, கையில் ஒரு சல்லடை. "உக்காருங்கண்ணே" என்று முக்காலியைக் காட்டினாள்.

அம்மாவாசி உட்கார்ந்தார். தலையைக் குனிந்துகொண்டார், கண்ணை மூடிக்கொண்டார். ஜெசி ஒரு மூட்டையிலிருந்து மரத்தூளை அள்ளிச் சல்லடையில் போட்டு, அவர் தலைக்கு மேலே பிடித்து ஆட்டினாள். புட்டுக்கு மாவு சலிக்கிற மாதிரி, சளக் சளக்கென்று.

"தோள்ல போதுமா?"

"புருவத்துல கொஞ்சம் போடு தாயி. மீசையிலயும் போட்டுரு. நேத்து மீசையில இல்லைன்னு அவ உத்துப் பாத்தா."

அதற்குள் இன்னும் ரெண்டு சைக்கிள் வந்து நின்றது. பட்டறை ஆட்கள்தான். முடிதிருத்தும் கடையில் காத்திருப்பவர்கள் மாதிரி வரிசையில் நின்று, "சீக்கிரம் விடுங்கண்ணே, பஸ்ஸுக்குப் போகணும்" என்றார்கள்.

பிரபு வாயைப் பிளந்தான். அவன் மனசில் வரைந்து வைத்திருந்த அந்தக் கள்ளக் காதல் மொத்தமும் சல்லடை ஓட்டை வழியாகச் சிந்திப்போனது.

மூக்கம்மாளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. மூட்டைக்குப் பின்னாலிருந்து பாய்ந்தாள்.

"யோவ்!"

அம்மாவாசி துள்ளி எழுந்தார். முக்காலி உருண்டது. வரிசையில் நின்ற ரெண்டு பேரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்த வழியே பறந்தார்கள். இவள் அவர்கள் வீட்டிலும் போய்ச் சொல்லிவிடுவாளே!

"என்னய்யா இது வேசம்?"

"நீதான்டி போடவச்ச!" அம்மாவாசிக்கு எங்கிருந்து அவ்வளவு ரோஷம் வந்ததோ. மீசையிலிருந்து தூள் உதிர உதிரப் பேசினார். "மிசினு வந்துருச்சுன்னு நெசத்தைச் சொன்னேன். கரண்டிய எறிஞ்ச. தூளை அப்பிக்கிட்டு வந்தேன். வெந்நி போட்டுக் குடுத்த, காலை அமுக்கி விட்ட, முட்டை பொரிச்சு வச்ச. நீயே சொல்லு, நான் எதைச் சொல்லட்டும்?"

அதெல்லாம் நிஜம் என்று மூக்கம்மாளுக்கும் தெரியும். இருந்தாலும் விடுவாளா? "எல்லாப் பட்டறைக்காரவுகளும் இப்படியா தூள் பூசிக்கிட்டுத் திரியிறாக? நீரும் ஒம்ம ரெண்டு கூட்டாளியும் சேர்ந்துக்கிட்டு என் காதுல பூச்சுத்துறீகளா? ஒங்க மொதலாளிக்கு இது தெரிஞ்சா..."

டப டபவென்று ஒரு மோட்டார்சைக்கிள் சத்தம் வந்தது. சொர்ணலதா சட்டென்று மூக்கம்மாளையும் அம்மாவாசியையும் மூட்டைக்குப் பின்னால் இழுத்தாள். "செத்த சும்மா இருங்க. இப்பத்தான் வரவேண்டிய ஆளு வருது."

வந்தவர் சங்கரலிங்கம். அந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, பழைய காக்கிச் சட்டை ஒன்றை மாட்டியிருந்தார். அக்கம்பக்கம் பார்க்காமல் முக்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.

"ஜெசி தாயி, இன்னைக்குக் கொஞ்சம் தூக்கலாவே போட்டுரு. உத்தமபாளையத்துல பெரிய வீடு, பதினாறு கதவு. போன வாரம் ஒரு எடத்துக்குச் சுத்தமாப் போனேன். 'புரோக்கர் வேண்டாங்க, ஆசாரிய வரச்சொல்லுங்க'ன்னு வாசலோட அனுப்பிட்டாக. காதுமடல்ல போட மறந்துராத, அதைத்தான் மொதல்ல பாக்குறாக."

ஜெசி சல்லடையைத் தூக்கவில்லை. தீவன மூட்டைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சங்கரலிங்கம் திரும்பினார். மூட்டைக்கு மேலே வரிசையாக அஞ்சு தலை. நடுவில் ஒரு தலை மட்டும் மஞ்சளாக, தன் பட்டறைக் கையின் தலை.

"அம்மாவாசி... நீயுமா?"

"மொதலாளி... நீங்களுமா?"

"கறுப்புத் துணி இருக்கா மொதலாளி? தொடச்சுப் பாக்கலாம்" என்றான் பிரபு. அதற்குப் பிறகு அங்கே யார் முதலில் சிரித்தது, யார் கடைசியில் நிறுத்தினது என்று சொல்ல முடியாது. கோழிகளே பயந்து ஒருநிமிஷம் அமைதியாகிவிட்டன.

"ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான் பிரபு.

"தூசியே இல்லாத பட்டறை மொதலாளி வண்டியில தொங்குற துண்டு முழுக்கச் சலிச்ச தூளு. வேற என்னடா வேணும்?"

சிரிக்காமல் நின்றது மூக்கம்மாள் ஒருத்திதான். அவள் சங்கரலிங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்யா, அப்ப நெசமாவே அந்த மிசினு தூசி திங்குதா?"

"திங்குது தாயி. ஒங்க வீட்டுக்காரரு இருமி நீ எப்பக் கடைசியாக் கேட்ட? யோசிச்சுப் பாரு."

மூக்கம்மாள் யோசித்தாள். ராத்திரி ராத்திரி பக்கத்தில் கேட்டுக்கொண்டே படுத்திருப்பாளே, அவர் நெஞ்சுக்குள் சீழ்க்கையடிக்கிற மாதிரி ஒரு சத்தம், அது எப்போது நின்றது? மேலே தூள் இருக்கிறதா என்று உற்று உற்றுப் பார்த்ததில் அது நின்றதுகூடக் காதில் விழாமல் போய்விட்டது.

அத்தனை பேர் முன்னாலும், தன் அண்ணன் நிற்கிறார் என்றும் பாராமல், அவள் புருஷன் பக்கத்தில் போனாள். தூளோடு இருந்த அந்தச் சட்டை மேல் காதை வைத்தாள்.

"நல்லா மூச்சு விடுங்க."

அம்மாவாசி கூச்சத்தோடு மூச்சை இழுத்து விட்டார்.

"இன்னொருக்கா."

விட்டார். மூக்கம்மாள் நிமிர்ந்தபோது அவள் கன்னத்தில் மரத்தூள் ஒட்டியிருந்தது. கண்ணிலும் கொஞ்சம் பட்டிருக்க வேண்டும். முந்தானையால் ரெண்டு கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"சத்தமே இல்லை" என்றாள், யாருக்கென்றில்லாமல்.

சொர்ணலதா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பிரபு கீழே கிடந்த ஒரு கோழி இறகை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

ஆனால் மூக்கம்மாள் அப்படியே உருகி நின்றுவிடுகிற ஆளா? ஜெசியின் கையிலிருந்த சல்லடையைப் பிடுங்கித் தன் இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். முதலில் முதலாளியிடம் திரும்பினாள். "அய்யா, சுத்தமாப் போங்க. கேட்டாகன்னா பட்டறைக்குக் கூட்டியாந்து அந்த மிசினைக் காட்டுங்க. நம்பலைன்னா என்னையக் கூப்புடுங்க, நான் வந்து சொல்றேன்." அப்புறம் புருஷனிடம். "நீரு கேட்டுக்கிரும். இனிமே ஒம்ம மேல ஒரு பொட்டுத் தூளு இருந்துச்சு, நான் எங்கிட்டும் போகமாட்டேன். ஒம்மளைத்தான் அனுப்புவேன்."

"எங்க?" என்றார் அம்மாவாசி.

"வருசநாட்டுக்கு. எங்க மதினி கையால ஒரு மாசம் சாப்பிட்டுட்டு வாரும். அவுக எறியிற கரண்டி குறி தப்பாது."

இவ்வளவு நேரம் மீசையை முறுக்கிக்கொண்டு நின்ற பலவேசத்தின் கை அந்தரத்தில் நின்றது. தன் வீட்டில் தன் பெண்டாட்டிக்கு முன்னால் இன்னொரு ஆண்பிள்ளையும் உட்கார்ந்து தன் கதியைக் கண்ணால் பார்ப்பதை அவர் ஒருகணம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

"வேண்டாம் மாப்ள!" என்று ஓடிவந்து, தோளில் கிடந்த துண்டை உருவி, அம்மாவாசியின் தலையையும் தோளையும் மீசையையும் தானே படபடவென்று தட்டிவிட ஆரம்பித்தார்.